கேள்வி இங்கே, பணம் எங்கே?

புற்றுநோயைத் தடுப்பதில் உலகுக்கே வழிகாட்டிய ஆய்வுகள் இந்தியக் கிராமங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் நடந்தன. செலவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது வெளிநாட்டுப் பணம். பதில் கிடைத்து ஆண்டுகள் பல ஆகியும் அது இங்குள்ள பெண்களுக்குப் போய்ச் சேரவில்லை.

வறட்சிக்குப் பேர்போன மராத்வாடாவில் இருக்கிறது உஸ்மானாபாத் மாவட்டம். 2023 முதல் தாராசிவ் என்று பெயர். நாட்டிலேயே புற்றுநோய் மிகக் குறைவாகப் பதிவாகும் இடங்களில் ஒன்று. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி உலகின் எந்த மூலையில் விவாதம் நடந்தாலும் இந்த மாவட்டத்தின் பெயர் அடிபடுகிறது.

1999 அக்டோபரில் இங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை, பார்ஷியில் உள்ள நர்கிஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகிய மூன்றும் கைகோத்தன. 52 கிராமத் தொகுதிகள். 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்கள். அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்ற சோதனை. இன்னொன்றுக்கு மேல்நாடுகளில் வழக்கமாகச் செய்யும் பாப் சோதனை. மூன்றாவது பிரிவுக்கு, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே கண்டறியும் எளிய முறை. நான்காவது பிரிவுக்குச் சோதனை எதுவும் இல்லை. வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை மட்டுமே.

எட்டு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, ஹெச்.பி.வி. சோதனைப் பிரிவில் இருந்த 34,126 பெண்களில் இந்தப் புற்றுநோய்க்குப் பலியானவர்கள் 34 பேர். சோதனையே இல்லாத 31,488 பேரில் பலியானவர்கள் 64 பேர். ஒரே ஒரு முறை செய்த சோதனை மரணத்தைப் பாதியாகக் குறைத்திருந்தது. 2009-ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டதும் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ஹெச்.பி.வி. சோதனையையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்ததற்குப் பின்னால் இருந்த முக்கியமான சான்றுகளில் இதுவும் ஒன்று.

இந்தியாவில் என்ன ஆயிற்று? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சரியாகச் சொன்னால் 1.9 சதவீதம்.

இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆள் பற்றாக்குறை, கூச்சம், மருத்துவமனை தூரம் எல்லாமே நிஜம். அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் இருக்கிறது: அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பது.

யாருடைய பணம்?

உஸ்மானாபாத் ஆய்வுக்கு நிதி தந்தது அமெரிக்காவின் பில் அண்ட் மெலின்டா கேட்ஸ் அறக்கட்டளை. இது விதிவிலக்கு அல்ல.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1996-ல் தொடங்கியது வாய்ப் புற்றுநோய் ஆய்வு. 35 வயதைத் தாண்டிய 1,91,873 பேரை உள்ளடக்கியது. மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி தந்து, வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவைத்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. 2005-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பண உதவியில் முக்கியப் பங்கு ஸ்காட்லாந்திலிருந்து இயங்கிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்துடையது.

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவக் கூட்டுறவு சமுதாய சுகாதார மையம், 2000 முதல் 2003 வரை 49,311 பெண்களைக் கொண்ட பிரிவுக்கு வினிகர் சோதனையை வழங்கியது. சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. பணம் மறுபடியும் கேட்ஸ் அறக்கட்டளையுடையது.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் இடம்பெற்றார்கள். பத்தாம் வகுப்புப் படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி தந்து வினிகர் சோதனை செய்யவைத்தார்கள். மரணம் 31 சதவீதம் குறைந்தது. நாடு முழுக்க இதைச் செய்தால் ஆண்டுக்கு 22,000 உயிர்களைக் காப்பாற்றலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம்.

இந்த ஆய்வுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருந்த மூளை டாக்டர் ஆர். சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்து 1990-களில் லியோன் முகமைக்குப் போனவர். ஆக, கேள்வியைக் கேட்டவர் இந்தியர். ஊர் இந்திய ஊர். வீடு வீடாக அலைந்தவர்களும் தங்கள் உடம்பைச் சோதனைக்குத் தந்தவர்களும் இந்தியப் பெண்கள். காசோலையில் மட்டும் வெளிநாட்டு முத்திரை.

வெளிநாட்டுப் பணத்தில் குற்றம் எதுவும் இல்லை. அது இல்லாவிட்டால் இந்த ஆய்வுகளே நடந்திருக்காது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. அரசு தன் பணத்தைப் போட்டு ஒரு கேள்வியைக் கேட்டால், பதிலுக்காக ஏதோ ஒரு துறையில் ஒரு கோப்பு காத்திருக்கும். இத்தனை கோடி செலவழித்தீர்களே, பலன் என்ன என்று நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து கேட்பார். வேறொருவர் பணத்தில் வந்த பதிலுக்கு அப்படிப்பட்ட சொந்தக்காரர் கிடையாது. மருத்துவ இதழில் அச்சாகிறது, பாராட்டு வாங்குகிறது, அலமாரிக்குப் போகிறது.

திண்டுக்கல் முடிவு 2007-ல் வெளிவந்தது. மும்பை முடிவு 2013-ல் அறிவிக்கப்பட்டது. 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வினிகர் சோதனை என்ற வழிகாட்டு நெறியை மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல்தான் வெளியிட்டது. உள்நாட்டில் தயாரான ஹெச்.பி.வி. சோதனைக் கருவிகள் மதிப்பீட்டில் தேறிவிட்டதாக உயிரி தொழில்நுட்பத் துறை அறிவித்தது 2025 ஏப்ரலில். உஸ்மானாபாத் முடிவு வந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. தமிழ்நாடு அரசு, உலக வங்கிக் கடனில் நடந்த தன் சுகாதாரத் திட்டத்தின் கீழ், 2007 வாக்கில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கிப் பிறகு விரிவாக்கியது. கடன் என்றாலும் திட்டம் மாநிலத்துடையது. தேசிய அளவில் 1.9 சதவீதம் என்று சொன்ன அதே குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 9.8 சதவீதம். பெருமைப்படக்கூடிய எண் அல்ல. பத்தில் ஒன்பது பெண்கள் இன்னும் விடுபட்டிருக்கிறார்கள். ஆனாலும் தேசியச் சராசரியைப் போல ஐந்து மடங்கு.

சோதனை இல்லாத பெண்கள்

உஸ்மானாபாத், திண்டுக்கல், மும்பை ஆகிய மூன்று ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக்காகச் சோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்கள் மொத்தம் 1,38,624 பேர். இவர்களில் 254 பேர் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்ததாக அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா 2014-ல் சுட்டிக்காட்டியபோது பெரிய சர்ச்சை வெடித்தது. மேல்நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் சோதனையைத் தெரிந்தே மறுக்கலாமா என்பது கேள்வி.

ஆய்வாளர்கள் தரப்பின் வாதம்: இந்தியாவில் அரசுத் திட்டம் எதுவும் இல்லை. ஏழைப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைப்பது எதுவோ அதுவே ஒப்பீட்டுப் பிரிவுக்கும் கிடைத்தது. வழக்கமாகக் கிடைத்தது ஒன்றுமில்லை.

எந்தப் பக்கம் நியாயம் என்பதில் மருத்துவ அறவியல் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் அந்த வாதம் அரசைப் பற்றிச் சொல்வதை மறுக்க முடியாது. சோதனையே செய்யாமலிருப்பதுதான் இந்நாட்டின் ‘வழக்கமான சிகிச்சை’ என்று வெளிநாட்டு அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தில் எழுதக்கூடிய நிலையை உருவாக்கியது ஆய்வாளர்கள் அல்ல. பொதுப் பணத்தை ஒதுக்காதவர்கள்தான்.

அணுவின் தயவு

பொதுப் பணம் ஒழுங்காக வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க மும்பையின் பரேலுக்குப் போனால் போதும். டாடா அறக்கட்டளை 1941-ல் திறந்த டாடா நினைவு மருத்துவமனையை 1957-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. 1962-ல் அது அணுசக்தித் துறைக்கு மாற்றப்பட்டது. கதிரியக்கத்துக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உள்ள உறவை உணர்ந்த ஹோமி பாபாவின் காலத்து முடிவு அது. அதன் பலனை இன்றுவரை அந்த மருத்துவமனை அனுபவிக்கிறது. சுகாதாரத் துறையின் நெருக்கடிகளிலிருந்து தள்ளி, விஞ்ஞானத் துறை ஒன்றின் நிழலில் சம்பளமும் ஆய்வுப் பணமும் தடையின்றி வந்தன.

வெளிநாட்டு நிறுவனங்கள் தொடவே விரும்பாத கேள்விகளை அங்குள்ள டாக்டர்கள் எழுப்ப முடிந்தது அதனால்தான். வாய்ப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையின்போது கழுத்து நிணநீர்க் கணுக்களையும் அப்போதே எடுத்துவிடுவதா, பரவிய பிறகு எடுப்பதா? உலகம் அரை நூற்றாண்டாக விவாதித்த விஷயம். டாக்டர் அனில் டி க்ரூஸ் குழு 2015-ல் விடை சொன்னது. முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டு உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதத்தினர்தான்.

மார்பகக் கட்டியை அறுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு அதைச் சுற்றி லிக்னோகைன் ஊசி போட்டால் பயனுண்டா என்று கேட்டது டாக்டர் ராஜேந்திர பட்வே குழு. பல் டாக்டர்கள் மரத்துப்போகச் செய்வதற்குப் போடும் அதே மருந்து. 1,600 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்களின் விகிதம் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்திருந்தது. காப்புரிமை இல்லாத இந்த மலிவு மருந்தை ஆராய எந்த கம்பெனி பணம் போடும்?

மூன்றாவது உதாரணம் இன்னும் கூர்மையானது. நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். குறைவாக விற்றால் போதும் என்று நிரூபிக்கும் ஆய்வை மருந்தை விற்பவர் நடத்தமாட்டார். மக்கள் பணம்தான் நடத்த வேண்டும்.

பெயரில் மட்டும் மண்டலம்

ஆனால் பரேல் ஒன்றுதான். நாட்டின் மற்ற பகுதிகளுக்கென்று உருவானவை மண்டலப் புற்றுநோய் மையங்கள். 1975-76-ல் பிறந்த தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பிள்ளைகள். 27 நிறுவனங்களுக்கு இந்த அந்தஸ்து கிடைத்தது. சிகிச்சை, பயிற்சி, ஆய்வு மூன்றும் இவற்றின் பொறுப்பு என்று காகிதத்தில் இருந்தது.

பணம்? 2005-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி புதிதாக அந்தஸ்து பெறும் மையத்துக்கு ஒரே தவணையாக ரூ. 5 கோடி. ஏற்கெனவே இருப்பதற்கு ரூ. 3 கோடி. உயர்தரமான லீனியர் ஆக்ஸிலரேட்டர் கருவி ஒன்றை இறக்குமதி செய்யவே அது போதாது. ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

2013-14-ல் நிலைமை மாறியது. மாநிலப் புற்றுநோய் நிறுவனத்துக்கு ரூ. 120 கோடி வரை, மூன்றாம் நிலைச் சிகிச்சை மையத்துக்கு ரூ. 45 கோடி வரை என்று புதிய திட்டம் வந்தது. செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது. வடகிழக்கு, மலை மாநிலங்களுக்கு 90 சதவீதம். 19 நிறுவனங்களுக்கும் 20 மையங்களுக்கும் ஒப்புதல் தரப்பட்டது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பணம் கட்டடத்துக்கும் கருவிக்கும் ஆனது. கட்டடத்தைத் திறந்துவைக்கலாம், கருவியைப் புகைப்படம் எடுக்கலாம். பத்தாண்டுகள் ஒரே ஊரில் நோயாளிகளைப் பின்தொடரும் கணக்கெடுப்பாளரின் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது.

மேலிருந்து பார்த்தாலும் படம் இதுவே. 2025-26 பட்ஜெட்டில் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு மொத்தம் ரூ. 99,858 கோடி. அதில் சுகாதார ஆய்வுத் துறைக்கு ரூ. 3,901 கோடி. அதாவது நூறு ரூபாயில் நான்கு ரூபாய்க்கும் குறைவு. காசநோய், மலேரியா, நீரிழிவு எல்லாவற்றுக்குமான ஆய்வும் அதற்குள்தான் அடங்கவேண்டும். 2022-ல் மட்டும் இந்தியாவில் புதிதாக 14.6 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது தேசியப் பதிவேட்டின் மதிப்பீடு.

மிசோரத்தின் கேள்வி

மண்டலத்துக்கென்று தனி ஆய்வு எதற்கு, புற்றுநோய் எங்கும் புற்றுநோய்தானே என்று கேட்கலாம். இந்தியாவில் அது உண்மையல்ல. கங்கைச் சமவெளியிலும் அசாமிலும் பெண்களைப் பித்தப்பைப் புற்றுநோய் வாட்டுகிறது. மேகாலயாவின் காசி மலையில் உணவுக்குழாய். மிசோரத்தில் இரைப்பை. இந்த வேறுபாடு சாதாரணமானதும் அல்ல. 2020-ம் ஆண்டுப் பதிவேட்டு அறிக்கைப்படி உஸ்மானாபாத்-பீட் பகுதியில் லட்சம் ஆண்களுக்கு 39.5 என்ற அளவில் இருந்த புற்றுநோய், மிசோரம் தலைநகர் ஐஸாலில் 269.4. கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

ஐஸாலில் ஏன் இப்படி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) திப்ரூகர் மையத்து விஞ்ஞானிகள், இரைப்பைப் புற்றுநோய் வந்த 329 பேரையும் வராத 589 பேரையும் ஒப்பிட்டு 2005-ல் ஒரு விடையின் தொடக்கத்தைச் சொன்னார்கள். அவர்கள் கை காட்டியது ‘துய்புர்’ பக்கம். புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்திச் செய்யும் திரவம். பாட்டிலில் விற்கிறது. மிசோக்கள் அதை வாயில் அடக்கிவைத்துக்கொள்வது வழக்கம். ‘மெய்சியோல்’ என்ற உள்ளூர்ச் சுருட்டும் குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்தது. அதே குழு பிறகு புகைபோட்டு உலர்த்திய இறைச்சி, உப்பிட்ட மீன் போன்ற உணவுகளின் பங்கையும் ஆராய்ந்தது.

சுமார் 12 லட்சம் பேர் வாழும் மாநிலம் இது. துய்புரைப் பற்றி பாஸ்டனில் யாரும் கவலைப்படமாட்டார்கள். அதற்கு மருந்து கண்டுபிடித்து லாபம் பார்க்க எந்த கம்பெனியும் வராது. இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே நிறுவனம் இந்திய அரசு. அது கேட்டபோது விடை வந்தது.

கேள்வி எப்போதும் உயிரியலாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அசாமின் பராக் பள்ளத்தாக்கில் சில்சார் நகரத்தில் இருக்கிறது கச்சார் புற்றுநோய் மருத்துவமனை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவி கண்ணன் 2007-ல் அங்கே குடிபெயர்ந்தார். சிகிச்சையைத் தொடங்கும் நோயாளிகள் பாதியில் காணாமல் போவதுதான் அங்கே பெரிய சிக்கல் என்று தெரிந்தது. காரணத்தைத் தேடிப் போனால் அது மருத்துவத்துக்கு வெளியே இருந்தது: தினக்கூலி, பஸ் கட்டணம், கூட வந்தவருக்குச் சாப்பாடு. துணைக்கு வந்தவருக்கு மருத்துவமனையிலேயே வேலை, இலவச உணவு, வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என்று வழி கண்டார்கள். சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்பவர்கள் 28 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானார்கள். 2023-ல் கண்ணனுக்கு மகசேசே விருது கிடைத்தது. இதுவும் மண்டல ஆய்வுதான். எந்தப் புதிய மருந்தும் இத்தனை நோயாளிகளைச் சிகிச்சைக்குள் நிறுத்திவைத்துவிடாது.

எண்ணிப் பார்க்கவும் பணம் வேண்டும்

ஆய்வுக்கு முதல் படி எண்ணிக்கை. ஐ.சி.எம்.ஆர். 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. பம்பாய், பெங்களூர், சென்னை என்று மூன்று நகரங்களில் ஆரம்பித்து, 1987-ல் பார்ஷியில் நாட்டின் முதல் கிராமப்புறப் பதிவேடு வந்தது. மிசோரத்தில் 2003-ல். நாற்பது ஆண்டு உழைப்பு. ஆனாலும் 2020 அறிக்கை வந்தபோது பதிவேடுகளின் கண்ணுக்குள் இருந்தவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு எல்லாம் மதிப்பீடு.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பஞ்சாப் சாட்சி. மால்வா பகுதியிலிருந்து பிகானீர் போகும் ரயிலுக்கே ‘கான்சர் ரயில்’ என்று பெயர் வந்தது. பூச்சிமருந்து, நிலத்தடி நீரில் யுரேனியம் என்று ஆளுக்கொரு காரணம். டாடா மையம் சங்ரூர், மான்சா, மொஹாலி, சண்டிகரில் பதிவேடுகளை ஏற்படுத்தி எண்ணத் தொடங்கியபோது, மால்வாவின் சங்ரூரிலும் மான்சாவிலும் சண்டிகரைவிடப் புற்றுநோய் குறைவாகவே பதிவானது. பூச்சிமருந்தால் கெடுதல் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ரயிலில் ஏறியவர்களின் துயரத்துக்கு முதல் காரணம் பக்கத்தில் சிகிச்சை இல்லாதது என்பதைப் பார்க்க அந்த எண்கள் உதவின. சங்ரூரில் 2015-ல் மருத்துவமனை வந்தது.

கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணல் இயற்கையாகவே கதிர்வீச்சை உமிழ்கிறது. அங்கே 1990-ல் பதிவேடு தொடங்கி 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-ல் முடிவு வெளியானது. மூன்றாண்டு நிதியுதவியில் இத்தகைய கேள்விக்கு விடை கிடைக்காது.

தமிழ்நாடு 2012-ல் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டைத் தொடங்கியது. நடத்துவது அடையாறு புற்றுநோய் நிலையம், செலவு மாநில அரசுடையது. எந்த மாவட்டத்தில் எந்தப் புற்றுநோய், எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறார்கள் என்று ஒரு மாநிலம் தன் பணத்தில் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. பெரிய மாநிலங்கள் பலவற்றால் இன்னும் இப்படிச் சொல்ல முடியவில்லை.

இனி என்ன?

வெளிநாட்டுக் குழாய் எப்போதும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கைக்கு 2025-ல் அடி விழுந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், தங்கள் நிதியைப் பெறும் அமெரிக்க ஆய்வாளர்கள் அதில் ஒரு பகுதியை வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் முறையை நிறுத்திவைப்பதாக மே 1 அன்று அறிவித்தன. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்தது போன்ற ஓர் ஆய்வை இன்று தொடங்க நினைப்பவர் வேறு கதவைத்தான் தட்டவேண்டும்.

அந்தக் கதவு உள்ளூரிலேயே இருக்கிறது. அணுசக்தித் துறையின் பணத்தில் 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் இப்போது 300-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உண்டு. இவற்றில் சில சேர்ந்து மொத்தமாகப் பேரம் பேசி 40 மருந்துகளை வாங்கியதில் மிச்சமானது சுமார் ரூ. 1,320 கோடி. பல மையங்கள் ஒன்றுசேர்ந்து ஆய்வு நடத்தவும் இதே அமைப்பு உதவுகிறது. கச்சாரையும் ஐஸாலையும் பார்ஷியையும் பரேலோடு இணைக்கும் கம்பி ஏற்கெனவே இழுக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம்தான் போதவில்லை.

செய்யவேண்டியவை பெரிய மர்மம் இல்லை. மாநிலப் புற்றுநோய் நிறுவனங்களுக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கை ஆய்வுக்கென்றே ஒதுக்கிவிடலாம். கட்டடச் செலவுக்குத் திருப்பிவிட முடியாதபடி. பதிவேட்டு ஊழியர்களை ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் தொங்கவிடாமல் நிரந்தரமாக்கலாம். வந்தவர் வேலையைக் கற்று முடிப்பதற்குள் போய்விட்டால் பத்தாண்டுத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? நிதியை மூன்று ஆண்டுக்கு அல்லாமல் பத்து ஆண்டுக்குத் தரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வு தொடங்கும் நாளிலேயே சுகாதாரத் துறை அதிகாரி ஒருவரையும் அதில் சேர்க்கலாம். முடிவு வந்ததும் எந்தத் தேதிக்குள் அமலுக்கு வரும் என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும்.

2025-26 பட்ஜெட், மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் என்று அறிவித்தது. முதல் ஆண்டில் 200. வரவேற்கவேண்டிய அறிவிப்பு. கீமோதெரப்பிக்காக நோயாளி இரவு பஸ் பிடித்துத் தலைநகருக்கு ஓடவேண்டிய அவசியம் குறையும். ஆனால் அந்த மையங்களுக்கு வருபவர்கள் ஏற்கெனவே நோய் வந்தவர்கள். அங்கே வராமலே இருக்க வழி என்ன என்பதற்கான விடை, திண்டுக்கல்லிலும் திருவனந்தபுரத்திலும் உஸ்மானாபாத்திலும் கிடைத்துவிட்டது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் மெதுவாக வளர்வது. வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பத்து முதல் இருபது ஆண்டுகள்வரை ஆகலாம். உஸ்மானாபாத் முடிவு வெளியான 2009-ல் 30 வயதாக இருந்த பெண்ணை அன்றே ஒரு முறை சோதித்திருந்தால் போதும். அவரைச் சோதிக்காமல் விட்ட காலமும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிட்டது.